விலைபோகாத குதிரை

(அந்தியூர் ஆடித் திருவிழாவை ஒட்டிக் குதிரை வளர்ப்போர் கூடிய அரங்கில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளியே குருநாதசாமி கோயில் சந்தை நிரம்பி வழிகிறது. காட்டியவாரி நிற்கிறது, மார்வாரி நிற்கிறது, உடம்பெல்லாம் வெளுத்த நொக்ரா நிற்கிறது. மேளத்துக்குக் கால் தூக்கி ஆடுகிற குதிரையைச் சுற்றிக் கூட்டம் கூடியிருக்கிறது. ஓரமாக இரண்டு பேர் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் துண்டுக்குள் அடங்காத ஒரு கணக்கைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். நம்முடைய குதிரைக்குச் சந்தை சொல்லும் விலை எவ்வளவு? நம் மனசு சொல்லும் மதிப்பு எவ்வளவு? இரண்டும் ஒத்துப்போகாதபோது குதிரையின் கதி என்ன?

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை.

சந்தை எதற்கு விலை வைக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பீர்கள். ஐந்து வயதுக்குள் பல் முழுக்க முளைத்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும். பிறகு குளம்பு, நடை, நிறம், கடைசியில் சுழி. நல்ல காலும் நல்ல மூச்சும் உள்ள குதிரையைச் சுழி சரியில்லை என்று கழித்துக் கட்டுகிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. அதை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்கிறேன். இப்போது சொல்ல வந்தது இதுதான்: இவையெல்லாம் இனிமேல் இந்தக் குதிரை என்ன செய்யும் என்பதற்கான விலை. இதுவரை என்ன செய்தது என்பதற்குச் சந்தையில் ஒரு ரூபாய்கூட இல்லை. அப்படி வைக்கச் சந்தையால் முடியாது. சந்தையை நான் குறை சொல்லவில்லை. அதன் வேலை அதுதான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரைக்கு யாராவது அப்படிச் சொன்னதுண்டா? இல்லை. குதிரை நின்றால் விலை, விழுந்தால் செலவு.

ஆனால் செத்த குதிரைக்கும் முழு விலை கொடுத்த அரசர் ஒருவர் நம் தென்னாட்டில் இருந்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் தங்கியிருந்த போர்த்துக்கீசியர் பெர்னாவ் நூனிஸ், தாமே குதிரை வியாபாரி. அவர் எழுதி வைத்திருக்கிறார்: அங்கே முன்பு ஆண்ட சாளுவ நரசிம்மர் ஓர்முஸிலிருந்து வரும் குதிரைகளை மூன்றுக்கு ஆயிரம் பர்தாவ் காசு என்ற கணக்கில் வாங்கினார். உயிரோடு வந்தாலும் அதே விலை, செத்தாலும் அதே விலை. கடலில் செத்துப்போன குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், பணம் எண்ணிக் கொடுப்பார்கள். குதிரைமேல் இருந்த பாசமா? இல்லை ஐயா, இல்லை. கப்பல்காரன் நஷ்டத்துக்குப் பயந்து அடுத்த வருஷம் வராமல் போய்விடக்கூடாது, குதிரை எதிரி கைக்குப் போய்விடக்கூடாது. அவ்வளவுதான். வாலுக்குக் கொடுத்த பணம் வியாபாரியைப் பிடித்து வைப்பதற்கான பணம்.

இன்னும் பின்னால் போங்கள். பாண்டிய நாடு. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார், பிறகு நரியெல்லாம் பரியானது என்ற கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அரசனுடைய கருவூலத்தில் குதிரைச் செலவு எவ்வளவு பெரிய செலவாக இருந்திருந்தால் அப்படி ஒரு கதை பிறக்கும்! மார்க்கோ போலோ அந்தச் செலவைக் கண்டு மலைத்துப் போகிறார். பாண்டிய அரசரும் அவருடைய உடன்பிறந்தார் நால்வரும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வருஷந்தோறும் வாங்கினார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதுகிறார். ஏன்? பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. அரிசியையும் இறைச்சியையும் வேகவைத்துத் தீனியாகப் போட்டார்கள். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவே விடவில்லை. குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்?

விலை கூடினால் கவனிப்பும் கூடும் என்று நாம் நம்புகிறோம். பொன்னைக் கொட்டி வாங்கியவன் கண்ணில் வைத்துக் காப்பான் என்று நம்புகிறோம். அது உண்மையானால் பாண்டிய நாட்டில் அந்தக் குதிரைகள் ஏன் செத்தன?

சரி, பழங்கதை போதும். 2006ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ப்ளோரிடா மாநிலத்தில் ஏலம். 'தி கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போகிறது. அது ஓடியது மூன்றே பந்தயம். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. சம்பாதித்தது 10,440 டாலர். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஜப்பானில் கோச்சி என்ற ஊரில் (நம் கேரளத்துக் கொச்சி அல்ல) ஹரு உராரா என்றொரு பெட்டைக் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. 113 பந்தயம் ஓடி 113லும் தோற்றது. 2004இல் அந்த நாட்டின் தலைசிறந்த ஜாக்கியான யுடாகா டாகேவை ஏற்றிப் பார்த்தார்கள். பதினோரு குதிரையில் பத்தாவதாக வந்தது! ஆனாலும் ஜனங்கள் அதன்மேல் பணம் கட்டினார்கள். அந்தத் தோற்ற சீட்டைத் தாயத்துப்போல வைத்துக்கொண்டால் சாலை விபத்து வராது என்று பத்திரப்படுத்தினார்கள். இதை எந்தத் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவது?

இப்போது நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்பும் கதைக்கு வருகிறேன். ஹாரி டிலேயர் என்பவர் ஹாலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு பெண்கள் பள்ளியில் குதிரையேற்றம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1956இல், பனி கொட்டுகிற மாதத்தில், பென்சில்வேனியாவில் நடந்த குதிரை ஏலத்துக்குப் போகிறார். தாமதமாகிவிட்டது. ஏலம் முடிந்துவிட்டது. நல்லது எல்லாம் போய்விட்டது. மிச்சம் நின்றது ஒரு லாரி. அதில் இருந்தவை இறைச்சிக்குப் போகிற குதிரைகள். அந்தக் கூட்டத்தில் ஏர் உழுது தோள் தேய்ந்த ஒரு வெள்ளைக் குதிரை இவரைப் பார்த்தது. இறக்கச் சொன்னார். 80 டாலர் கொடுத்தார். வீட்டில் பிள்ளைகள் 'ஸ்னோமேன்' என்று பெயர் வைத்தார்கள்.

பாசத்தினால் வாங்கினாரா? பள்ளிப் பெண்கள் பயமில்லாமல் ஏறுவதற்கு ஒரு சாதுவான குதிரை தேவைப்பட்டது. அதற்காக வாங்கினார். அதைவிட முக்கியம், கொஞ்ச நாளில் அதை விற்றும்விட்டார். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் 160 டாலர் கொடுத்தார். போட்ட பணத்துக்கு இரண்டு மடங்கு. யாராக இருந்தாலும் விற்பார்கள். நானாக இருந்தாலும் விற்றிருப்பேன்.

விற்ற குதிரை சும்மா இருந்ததா? டாக்டர் வீட்டு வேலியைத் தாண்டித் திரும்பி வந்தது. கொண்டுபோய் விட்டார்கள். மறுபடி வந்தது. வேலியை உயர்த்தினார்கள். அதையும் தாண்டி வந்தது. கயிற்றில் ஒரு டயரைக் கட்டி விட்டபோது அந்த டயரையும் இழுத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். கடைசியில் டிலேயர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் குதிரையை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இவ்வளவு உயர வேலியைத் தாண்டுகிற குதிரையை நாம் ஏன் தாண்டும் போட்டிக்குப் பழக்கக் கூடாது? இரண்டே வருஷம். 1958இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பரம்பரைச் சான்றிதழோடு வந்து நின்ற குதிரைகளையெல்லாம் அந்த ஏர்க்குதிரை தோற்கடித்தது. அந்த வருஷத்தின் சிறந்த குதிரை. அடுத்த வருஷமும் அதுவே.

அப்போது வந்தது விலை. ஒரு லட்சம் டாலர் வரைக்கும் கேட்டார்கள் என்பார்கள். டிலேயர் மறுத்துவிட்டார். 1974இல் சாகும்வரை அவரிடமே இருந்தது அந்தக் குதிரை.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் கை தட்டுவார்கள். பணம் தோற்றது, அன்பு ஜெயித்தது என்பார்கள். எனக்கு அந்தக் கைத்தட்டலில் பங்கில்லை. ஏனென்று கேளுங்கள். டிலேயருக்குச் சம்பளம் இருந்தது. லாயம் இருந்தது. குதிரை பரிசுப் பணம் வென்றுகொண்டிருந்தது. ஒரு லட்சத்தை மறுத்த மறுநாளும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. மெரினா மணலில் ஒரு குதிரையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றி இறக்கி அன்றாடம் சம்பாதிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் போய், விற்காதே, அதுதான் பாசம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? மகள் கல்யாணத்துக்காகக் குதிரையை விற்கிறவனுக்குக் குதிரைமேல் பாசம் குறைவு என்று யார் அளந்து பார்த்தார்கள்?

விற்பது குற்றமல்ல. விற்காமல் வைத்திருப்பது தானாகவே புண்ணியமும் அல்ல. இதை இந்தச் சந்தைத் திடலில் நின்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஏனென்றால் இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். குதிரைக்கு ஆயுள் இருபத்தைந்து, முப்பது வருஷம். ஏறி ஓட்டுகிற காலம் அதில் பாதி, மிஞ்சினால் முக்கால். மிச்ச வருஷம் எல்லாம் அது நிற்கும், தின்னும். 400, 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ காய்ந்த தீவனம் தின்னும். கொள்ளு தனி. ஆறு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். பல் கூராகிவிட்டால் ராவ வேண்டும்; இல்லாவிட்டால் மென்று தின்ன முடியாமல் எலும்பும் தோலுமாகப் போகும். வயிற்றுவலி வந்து நள்ளிரவில் உருளும்போது என்னைப்போல ஒருவனைக் கூப்பிட வேண்டும். அவன் சும்மா வரமாட்டான். இத்தனையையும் பத்து வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். சந்தையில் அந்தக் குதிரைக்கு விலை ஒன்றுமில்லாமல் போன பத்து வருஷம் அது.

"இதை விற்க எனக்கு மனசு வரவில்லை டாக்டர்" என்று கண் கலங்கச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருடைய குதிரை பிறகு சாலையோரம் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். ஊட்டிக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நடுச்சாலையில் திரிகிற குதிரைகளை. அவற்றில் எத்தனை ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் செல்லக் குதிரை? பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்! சட்டம் அதைத் தடுக்காது ஐயா. அந்த ஐம்பது ரூபாய்க்கு ஒரு வேளைக் கொள்ளு வாங்கலாம்.

மனசு வராமல் விற்காதவர், மனசு வந்து தீனி போட வேண்டும். பாசத்துக்கும் மாதச் செலவு உண்டு.

பணமும் பாசமும் எங்கே சேர்ந்து நின்றன என்று என்னைக் கேட்டால், நான் காட்டுவது ஸ்னோமேனை அல்ல. கெய்ரோ நகரத்துத் தெருவைக் காட்டுவேன்.

முதல் உலகப்போரில் லட்சக்கணக்கான குதிரைகள் போர்க்களத்துக்குப் போயின. ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் 1,30,000க்கும் மேல் கப்பலேறின. ஒரு காலத்தில் நம் சென்னைக் கடற்கரையிலும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அதே வேலர் இனம். ஊருக்குத் திரும்பிப் போனது ஒன்றே ஒன்று, 'சாண்டி' என்ற பெயருடையது. போர் முடிந்ததும் கணக்குப் போட்டார்கள்: கப்பல் செலவு குதிரை விலையைவிட அதிகம். பிரிட்டிஷ் படை எகிப்தில் ஆயிரக்கணக்கான குதிரைகளை அங்கேயே விற்றுவிட்டது. அவை கெய்ரோவில் வண்டி இழுத்தன, கல் சுமந்தன. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, பத்துப் பன்னிரண்டு வருஷம்.

1930இல் படைத் தளபதி ஒருவருடைய மனைவியாக டாரதி புரூக் கெய்ரோவுக்கு வருகிறார். தெருவில் நொண்டுகிற, கண் தெரியாத, சேணம் உராய்ந்த புண்ணோடு இழுக்கிற கிழக்குதிரைகளைப் பார்க்கிறார். அவற்றின் உடம்பில் படையின் சூட்டுக்குறி இன்னும் தெரிகிறது. தம் நாட்டுக்காகப் போருக்குப் போன குதிரைகள்! 1931இல் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார்? குதிரைகளை வாங்கினார். மூன்று வருஷத்தில் சுமார் 5,000 குதிரை.

வாங்கி என்ன செய்தார்? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஊருக்கு அனுப்பினாரா? புல்வெளியில் விட்டாரா? பெரும்பாலானவை அந்த நிலையில் இல்லை. தீனி போட்டார், தண்ணீர் காட்டினார், படுக்க வைக்கோல் பரப்பினார், இரண்டொரு நாள் இளைப்பாற விட்டார். பிறகு வலியில்லாமல் உயிரை எடுத்தார். பணம் கொடுத்து வாங்கிக் கொன்றார், அன்பர்களே. சந்தையில் காலணா பெறாத குதிரைக்கு நல்ல விலை கொடுத்து, அதற்கு நல்ல சாவை வாங்கிக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குதிரை வைத்திருந்த வண்டிக்காரர்களை அவர் கொடியவர்கள் என்று ஒதுக்கவில்லை. அவர்களும் பரம ஏழைகள். அந்த நொண்டிக் குதிரை நின்றுவிட்டால் அன்றைக்கு வீட்டில் ரொட்டி இல்லை. அதனால்தான் பிடுங்கிக்கொண்டு போகாமல் விலை கொடுத்தார்; இன்னொரு குதிரை வாங்கிப் பிழைக்கட்டும் என்று கொடுத்தார். அப்படி வாங்குகிற குதிரையும் நாளைக்கு இதேபோல ஆகிவிடாதா என்று யோசித்தார். 1934இல் கெய்ரோவில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். ஏழைகளுடைய குதிரைக்கும் கழுதைக்கும் அங்கே காசு வாங்காமல் வைத்தியம். அவர் பெயரில் வளர்ந்த அமைப்பு இன்றைக்கும் பல நாடுகளில் வேலை செய்கிறது. நம் நாட்டில் செங்கல் சூளையில் பாரம் இழுக்கிற குதிரை, கோவேறு கழுதைகளுக்கும் வைத்தியம் பார்க்கிறது.

படையும் அதே குதிரைகளுக்கு ஒரு விலை போட்டது. அந்த அம்மாளும் ஒரு விலை போட்டார். படை விலை போட்டபோது குதிரைக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அம்மாள் கேட்டார்.

கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஏழைகளின் குதிரைதான் சாட்சி என்று நினைக்காதீர்கள். 1986இல் கென்டக்கி டெர்பியை ஜெயித்த குதிரை பெர்டினாண்ட். 1987இல் அமெரிக்காவின் சிறந்த குதிரை. வாழ்நாளில் வென்றது 37 லட்சம் டாலருக்கும் மேல். இனவிருத்திக்கு எதிர்பார்த்த அளவு பயன்படவில்லை, 1994இல் ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கேயும் கேட்பார் இல்லாமல் போனபோது, 2002இல் இறைச்சிக்கூடத்துக்குப் போய்விட்டது. செய்தி வெளியே வந்ததே அடுத்த வருஷம்தான். அமெரிக்கா கொதித்தது. திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் கேட்க ஒருவர் தேவைப்பட்டார், சொல்ல ஒரு விலாசம் தேவைப்பட்டது. இரண்டும் இல்லை.

அதற்குப் பிறகு அங்கே சில உரிமையாளர்கள் விற்பனைப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுத ஆரம்பித்தார்கள்: இந்தக் குதிரை உங்களுக்கு வேண்டாம் என்றால், வேறு எங்கும் தள்ளுவதற்கு முன்னால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

அந்தியூர்ச் சந்தையில் இதைச் செய்ய முடியாதா? வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். நாளைக்கு விற்கப் போகிறவர் ரசீதுச் சீட்டின் பின்பக்கம் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதுங்கள். 'இது படுத்துவிட்டால் என்னைக் கூப்பிடு' என்று ஒரு வரி எழுதுங்கள். வாங்குகிறவரும் அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிப் போகிற அன்றைக்கே, அதற்குப் பதினெட்டு வயதானால் எங்கே கட்டுவேன், யார் தீனி போடுவார் என்று வீட்டில் பேசிவிடுங்கள். பேச முடியாத வீடு என்றால் இந்த வருஷம் வாங்காதீர்கள். அடுத்த ஆடிக்கும் சந்தை கூடும். இனி எழவே முடியாது என்று கால்நடை மருத்துவர் சொல்லும் நாள் வந்தால், விற்றுத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். கூட நின்று, ஊசி போட்டுக் கருணையோடு அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்குக் கொஞ்சம் பணத்தை இன்றைக்கே ஒதுக்கி வையுங்கள்.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள், இங்கேயே இருக்கிறேன். வயதான குதிரை வைத்திருப்பவர்கள் மதியம் சந்தைப் பக்கம் கூட்டி வாருங்கள். பல்லையும் குளம்பையும் பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.